சொர்ணத்தின் நடை

சொர்ணம் செத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அன்றைக்குக் காலையில் மட்டும் அவள் பதினோராவது தடவையாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள்.

பச்சைச் சுங்குடிச் சேலை, இடது கையில் ஒயர் கூடை, வலது காலை ஒரு வீசு வீசி வைக்கிற நடை. கிழக்கேயிருந்து தீப்பெட்டி லோடு ஏற்றி வந்த லாரி அவளைக் கண்டதும் கிறீச்சென்று வேகம் குறைந்தது. டிரைவர் அய்யாத்துரை ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணாடிக்குள்ளேயே கையெடுத்துக் கும்பிட்டான். சொர்ணம் வடக்கு ஓரத்தை எட்டியதும் காற்றில் கரைந்து போனாள். லாரி ஊர்ந்து கடந்தது. கீழநொச்சி விலக்கில் அன்றும் யாரும் சாகவில்லை.

"பதினொண்ணு," என்று சொல்லிக் குறித்துக்கொண்டாள் ஆவுடைச்செல்வி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் ஊரகச் சாலைத் துறையில் உதவிப் பொறியாளர். செத்தவர்களை ரோட்டில் நடக்கவிடும் யோசனை அவளுடையது.

ஊர் ரோடு நெடுஞ்சாலையில் வந்து சேரும் இடத்தை அந்தப் பக்கத்தில் விலக்கு என்பார்கள். அந்த விலக்கில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக ஆள் உயர ஒளித்தூண்கள் இரண்டு நின்றன. வெயிலைத் தின்று வேலை செய்பவை. எந்த வண்டியாவது அளவுக்கு மீறிய வேகத்தில் இருநூறு மீட்டருக்குள் வந்தால், தூண்கள் இரண்டும் சேர்ந்து நடுவில் ஓர் ஆளை வெளிச்சத்தாலேயே உண்டாக்கி நடக்கவிடும். பட்டப்பகலிலும் நிஜ ஆள் மாதிரியே தெரியும். அதற்கு நிழலாள் என்று பெயர் வைத்திருந்தார்கள். பாலம் கட்டுவதோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை என்பதில் மேலிடத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

முதலில் கம்ப்யூட்டரில் செய்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைத்தான் நடக்கவிட்டார்கள். மூன்று வாரம் எல்லா வண்டியும் நின்றது. நாலாவது வாரம் ஒன்றும் நிற்கவில்லை. பொம்மை என்று தெரிந்துவிட்டால் நம் ஆட்களிடம் அதற்கு அரைக்காசு மரியாதை கிடையாது. அப்போதுதான் ஆவுடைச்செல்வி ஒன்றைக் கண்டுபிடித்தாள். செய்த நடையை மனது மோப்பம் பிடித்துவிடுகிறது. ஆனால் அதே இடத்தில் செத்துப்போன ஒருவரின் சொந்த நடையைக் காட்டினால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க எவனுக்கும் துணிச்சல் வருவதில்லை. ஒவ்வொருவருக்கும் உரிய அந்த நடைக்கு நடைமுத்திரை என்று பெயரிட்டு அவள் எழுதிய கட்டுரைக்கு விருது கிடைத்தது.

சொர்ணத்தின் நடை கிடைத்தது அவள் புருஷனின் டீக்கடைக் கேமராவிலிருந்து. நாய் வந்து பால்பாத்திரத்தை உருட்டுகிறதா என்று பார்ப்பதற்காகத் தளவாய் மாட்டிவைத்த கேமரா அது. கடை ரோட்டுக்கு வடக்கே, வீடு தெற்கே. இரண்டு வேளையும் அவள் மாவும் சட்னியும் ஒயர் கூடையில் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வருவாள். இரண்டு மாத நடை அதில் பதிவாகியிருந்தது.

அனுமதி கேட்கப் போன அன்று தளவாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவ நடந்து போறத நான் தெனமும் பாக்கலாமா மேடம்?"

"பாக்கலாம் அண்ணாச்சி."

"அப்பப் போடுங்க."

அதற்குப் பிறகு காலை ஏழு இருபது டவுன் பஸ் வரும் நேரத்துக்கு அவர் கையில் டீ கிளாஸோடு கடைக்கு வெளியே வந்து நிற்பார். பஸ் மெதுவாக வந்தால் சொர்ணம் வரமாட்டாள். வேகமாக வந்தால் வருவாள். அதனால் வேகமாக ஓட்டுகிற டிரைவர்களை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆவுடைச்செல்வி மட்டும் கவனித்திருந்தாள், கவனிக்காத மாதிரி இருந்தாள்.

பதினொன்று என்று அவள் குறித்துக்கொண்டிருந்தபோது முகிலா சைக்கிளைச் சாத்திவிட்டுக் கடைக்கு நடந்து வந்தாள். தளவாயின் ஒரே மகள், ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் பேப்பரை விரித்திருந்த பழைய கண்டக்டர் வேலாயுதம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏ முகிலா, ஒங்கம்மா மாதிரியே கால வீசாத. லாரிக்காரன் பயந்துபோய் பிரேக்கப் போட்டுருவான்."

"போட்டா நல்லதுதான தாத்தா," என்றாள் முகிலா.

எல்லாரும் சிரித்தார்கள். ஆவுடைச்செல்வியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

நிழலாளுக்கு முன்னால் அவள் வேறொரு கோப்பு தயாரித்திருந்தாள். விலக்கில் உயிரைக் காப்பாற்ற மலிவான ஏழு வழிகள் அதில் இருந்தன. மூலையில் மறைக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டுவது. அங்கே பேனர் வைக்கவிடாமல் பார்த்துக்கொள்வது. ரோட்டின் குறுக்கே டயர் தடதடக்கும்படி கனத்த வெள்ளைக் கோடுகள் போடுவது. ஊர் ரோட்டில் ஒரு ஸ்பீடு பிரேக்கர், வெளிச்சம் பட்டால் மினுங்கும் கட்டைகள், ஒரு நில் பலகை. எதிரெதிரே இருக்கும் இரண்டு ஊர் ரோடுகளில் ஒன்றை நாற்பதடி தள்ளிச் சேர்ப்பது, அப்போது எவனும் நேர்கோட்டில் பாய முடியாது. அவ்வளவுதான். கோட்டப் பொறியாளர் கோமதிநாயகம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, அரிவாளும் சுண்ணாம்பும்! இதுக்கா ஒரு இன்ஜினியரு?" என்றார். கோப்பு அலமாரிக்குப் போனது. நிழலாள் வந்த பிறகு, 'இனித் தேவையில்லை' என்று அதன் மேல் எழுதிக் கையெழுத்துப் போட்டது கோமதிநாயகம் இல்லை, ஆவுடைச்செல்வியேதான்.

பேனர் விஷயத்தை மட்டும் அவள் ஒரு தடவை தளவாயிடம் பேசியிருந்தாள். தெற்கு மூலையில், ஊர் ரோடு வந்து சேரும் இடத்திலேயே, பன்னிரண்டடி உயரத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றது. நடுவில் சொர்ணத்தின் சிரித்த முகம், சுற்றிலும் சொந்தக்காரர்கள் இருபத்து மூன்று பேரின் தலைகள். கிழக்கிலிருந்து வருகிற வண்டிக்காரனுக்கு ஊர் ரோட்டில் வருகிற ஆள் தெரியவே மாட்டான். நெடுஞ்சாலையில் கால் வைத்த பிறகுதான் தெரிவான். செத்தவளுக்கு வைத்த பேனர் அடுத்தவன் சாவதற்கு வழி செய்துகொண்டு நின்றது. நம் ஊர்களில் இது புதிதும் அல்ல.

"அண்ணாச்சி, அந்த பேனரக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா? மூலைய மறைக்குது."

"அவ மொகம் மேடம்," என்றார் தளவாய்.

அதுதான் நிழலாள் இருக்கிறதே என்று அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

இரண்டே வருடத்தில் நானூறு விலக்குகளில் நிழலாட்கள் நடந்தார்கள். சைக்கிளில் போன வாத்தியார், ஆடு மேய்த்தவள், கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன மாப்பிள்ளை என்று ஒவ்வொரு விலக்குக்கும் அதனதன் ஆள். சொந்தச் சாவு இல்லாத விலக்குக்கு நிழலாள் கிடையாது என்பது விதி. பக்கத்து ஊரிலிருந்து ஒரு மனு வந்தது. 'எங்கள் விலக்கில் இதுவரை யாரும் இறக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எங்களைப் புறக்கணிக்க வேண்டாம்' என்று நூற்றெண்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 'தகுதியான இறப்பு நிகழ்ந்த பின் பரிசீலிக்கப்படும்' என்று பதில் போனது. அதிலும் ஆவுடைச்செல்வியின் கையெழுத்து இருந்தது. ஒரு நாளைக்கு அறுபது கையெழுத்துப் போடுகிறவர்கள் எதையும் படிப்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான் லாரிகளுக்கு வண்டிக்கண் வந்தது. கண்ணாடிக்கு மேலே ஒட்டுகிற சின்னக் கேமரா. எதிரே ஆள் தெரிந்தால் டிரைவர் தூங்கினாலும் அதுவே பிரேக் போடும். மலிவானது என்பதால் வண்டிக்கு வண்டி மாட்டினார்கள். மலிவானது என்பதாலேயே அதற்கு வெளிச்சத்துக்கும் சதைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எந்த நிழலாளைக் கண்டாலும் அடித்து நிறுத்தியது. பின்னால் வந்த வண்டி முட்டியது. லோடு போய்ச் சேர நேரமானது. லாரி உரிமையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

கலெக்டர் ஆபீஸில் கூட்டம் போட்டார்கள். வண்டிக்கண் செய்கிற கம்பெனிக்காரர் எளிதாக ஒரு வழி சொன்னார். எல்லா நிழலாட்களின் நடைமுத்திரையையும் ஒரு பட்டியலாகக் கொடுத்துவிட்டால் போதும். பட்டியலில் இருக்கிற நடையைக் கண்டால் வண்டி நிற்காது, உள்ளே சின்னதாக ஒரு மணி மட்டும் அடிக்கும். வேண்டுமானால் டிரைவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளட்டும்.

"ஒருத்தர் நடை இன்னொருத்தருக்கு வராதில்ல?" என்று ஒருவர் கேட்டார்.

எல்லாரும் ஆவுடைச்செல்வியைப் பார்த்தார்கள். நடைமுத்திரை அவள் கண்டுபிடித்தது.

"வராது சார். கைரேகை மாதிரி அது."

அப்படியானால் நிழலாள் எதற்கு என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வண்டியை நிறுத்துவதற்காக ஓர் ஆளை நடக்கவிட்டு, அந்த ஆளுக்கு வண்டி நிற்காமலிருக்க ஓர் ஏற்பாடு செய்து, இரண்டுக்கும் கைதட்டிவிட்டு முந்திரி பக்கோடா சாப்பிட்டார்கள். டிரைவர்கள் பிரேக் மிதிக்கும் வேலையை வண்டிக்கண்ணிடம் விட்டு வெகு நாளாகியிருந்தது.

பட்டியல் போன மறுவாரம் தளவாய் போன் செய்தார்.

"மேடம், அவ மேல ஏத்திட்டுப் போறானுவ."

"யாரு அண்ணாச்சி?"

"எல்லாவனுந்தான். நிக்கவே மாட்டேங்கானுவ. அவ பாட்டுக்கு நடந்து வாரா, அவளுக்குள்ள பூந்து போறானுவ. இன்னைக்கு மட்டும் நாப்பது தடவ. நான் கடைக்குள்ள திரும்பி நின்னுக்கிட்டுதான் டீ ஆத்துறேன்."

"அது வெறும் வெளிச்சந்தான அண்ணாச்சி."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டுப் பேச என்னவோ கூச்சமாக இருந்தது.

சொர்ணத்தின் நான்காவது நினைவு நாள் ஒரு வியாழக்கிழமை வந்தது. முகிலா காலேஜ் சேர்ந்திருந்தாள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, விடியற்காலையில் தலைக்கு ஊற்றி, அம்மாவின் பெட்டியைத் திறந்து அவளுக்குப் பிடித்த பச்சைச் சுங்குடியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். நினைவு நாளில் அம்மா சேலையை மகள் கட்டுவது அந்த வீடுகளில் வழக்கம்தான். படையலுக்குச் சுட்ட உளுந்து வடையையும் தேங்காயையும் பழத்தையும் ஒயர் கூடையில் வைத்துக்கொண்டாள். விலக்குக்கு வந்து பேனரில் இருந்த அம்மா முகத்துக்கு மாலை போட்டாள். அப்பாவுக்கு வடை கொடுப்பதற்காகப் பேனருக்குப் பின்னாலிருந்து ரோட்டில் இறங்கினாள். வலது காலை வீசி வைத்து நடந்தாள்.

கிழக்கேயிருந்து தீப்பெட்டி லாரி வந்தது, தூண்கள் விழிக்காத அளவான வேகத்தில்.

தளவாய் அன்று நினைவு நாள் என்பதால் திரும்பி நிற்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சொர்ணம் வருகிறாள் என்றுதான் அவரும் நினைத்தார். லாரி அவளுக்குள் புகுந்து போனது. தினமும் போகிறதுதான். பிறகு ரோட்டில் ஒயர் கூடை உருண்டது. வடைகள் சிதறின. வெளிச்சத்தின் கையில் இருக்கிற கூடை உருளாது. அது அவருக்குப் புரிவதற்கு ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷத்துக்குப் பிறகு தளவாய் பழைய தளவாயாக இல்லை.

"சொர்ணக்கான்னு நெனச்சேன் சார்," என்று அய்யாத்துரை போலீஸ் ஸ்டேஷனில் தரையில் உட்கார்ந்து அழுதான். "மணி அடிச்சிச்சு. தெனமும் பாக்குறவங்கதான. கும்பிட்டுக்கிட்டேதான் சார் வந்தேன். ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டேன் சார்."

வண்டிக்கண்ணைச் சோதித்தார்கள். அதில் பழுதே இல்லை. பட்டியலில் இருக்கிற நடை, பட்டியலில் இருக்கிற சேலை, பட்டியலில் இருக்கிற கூடை, பட்டியலில் இருக்கிற இடம். சரியாக அடையாளம் கண்டு சரியாக மணி அடித்திருந்தது. மகளுக்குத் தாயின் நடை வரும் என்பது கீழநொச்சியில் டீ குடிக்கிற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதைச் சொல்லிச் சிரித்துக்கூட இருந்தார்கள். விருது வாங்கியவள் ஒருத்திக்குத்தான் தெரியவில்லை. தெரிந்த இடத்தில்தான் அவளும் உட்கார்ந்திருந்தாள் என்பது இன்னும் கேவலம்.

கோமதிநாயகம் அவளைக் கூப்பிட்டு ஆறுதலாகப் பேசினார். "ஒங்க மேல தப்பில்லம்மா. கீழநொச்சியில அந்த நிழலாள இன்னைக்கே அணைக்கச் சொல்லிட்டேன். பொண்ணு நடையும் அதே நடைங்கிறதால புது நிழலாளுக்கும் ஒதவாது. வேற ஆளு கெடைக்கிற வரைக்கும் சும்மா கெடக்கட்டும்."

தளவாய்க்குச் சொர்ணமும் போனாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு தெற்கு மூலைக்குப் போனார். முதலில் பேனரைச் சாய்த்தார். மனைவியின் முகத்தைச் சுருட்டிக் கடைக்குள் வைத்தார். பிறகு சீமைக்கருவேலத்தை வெட்டினார். நான்கு நாள் வெட்டினார், கை முழுக்க முள். சுண்ணாம்பைக் கரைத்து ரோட்டின் குறுக்கே இரண்டு பக்கமும் பட்டை பட்டையாகக் கோடு இழுத்தார். ஊர் ரோட்டில் மண்ணை வெட்டிப் போட்டு ஒரு மேடு கட்டினார். அப்புறம் தோளில் கிடந்த சிவப்புத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றார்.

ஆவுடைச்செல்வி இரண்டு மாதம் கழித்துத்தான் அங்கே போகத் துணிந்தாள். அவளுடைய ஏழு வழிகளில் நான்கு அங்கே செய்யப்பட்டிருந்தன. அந்தக் கோப்பை அந்த மனிதர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நாலா பக்கமும் வெகு தூரத்துக்கு ரோடு தெரிந்தது.

"அண்ணாச்சி, ஓரமா வாங்க. வண்டி வருது."

"வரட்டும். நிக்கும் பாருங்க."

அவர் துண்டைத் தூக்கி வீசிக் காட்டினார். தண்ணீர் லாரி ஒன்று பத்தடி முன்னால் வந்து நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நான்கு பேர் கடந்து போனார்கள்.

"எனக்கு நிக்குது மேடம்," என்றார் தளவாய். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நான் இன்னும் ஒங்க பட்டியல்ல ஏறலல்ல."

"என்னைய மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

"நீங்க வெளிச்சம்னு சொன்னீங்க. செரிதான். எம் பிள்ள வெளிச்சமில்லையே மேடம்."

அவள் அலமாரியிலிருந்து பழைய கோப்பைத் தோண்டி எடுத்தாள். 'இனித் தேவையில்லை' என்ற தன் கையெழுத்தை அடித்தாள். கீழநொச்சியில் வேகம் பாதியாகக் குறைந்திருக்கிறது, ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை என்று சேர்த்து எழுதிக் கோமதிநாயகத்தின் மேஜையில் வைத்தாள். இந்தத் தடவை அவர் உட்கார்ந்து முழுவதும் படித்தார்.

"எப்படிம்மா இவ்வளவு கொறஞ்சுது?"

"மூலையத் தெறந்துவிட்டாரு சார். கோடு போட்டாரு. மேடு கட்டினாரு."

"அது கெடக்கட்டும். அந்தத் துண்டு வீசுறாரே, அத நான் பாத்தேன். தூண்ல இருக்கிற கேமரா ரெண்டு மாசமாப் பதிவு பண்ணிக்கிட்டுத்தான இருக்கு! என்ன வீச்சு! மேல அனுப்பினேன், அசந்துபோயிட்டாங்க. செத்தவரா இருக்கணும்ங்கிற விதியையும் தளர்த்திட்டாங்க. எல்லா விலக்குலயும் இனிமே அவருதான்."

அவள் இடைமறித்தாள். "சார், நிழலாளா ஏத்தினா அவரு நடை பட்டியலுக்குப் போயிரும். அப்புறம் எந்த வண்டியும் அவருக்கு நிக்காது."

"அவரு எதுக்கும்மா இனிமே ரோட்டுல நிக்கணும்? பாவம், வெயில்ல. அதான் நிழலாள் நிக்குமே."

"எப்ப சார் ஏத்துறீங்க?"

கோமதிநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "காலையிலயே ஏத்தியாச்சே."

தளவாய் போனை எடுக்கவில்லை. நடுரோட்டில் நிற்கிறவர் போனைக் கடையில்தான் வைத்துவிட்டுப் போவார். அவள் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு கீழநொச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகியிருந்தது. தளவாய் வழக்கம்போல நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி கடப்பதற்காகக் காத்திருந்தாள்.

"அண்ணாச்சி! வெளிய வாங்க! இனி நிக்காது!"

காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அவர் காதில் விழவில்லை. ஒளித்தூண்கள் இரண்டும் விழித்துக்கொண்டன. தளவாய்க்கு நான்கடி தள்ளி இன்னொரு தளவாய் சிவப்புத் துண்டோடு வந்து நின்றார். நிஜத் தளவாய் திரும்பி அவரைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. ஏதோ கணக்குச் சரியாகிவிட்ட மாதிரி மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கிழக்கே பார்த்துத் துண்டைத் தூக்கினார். இரண்டு துண்டுகளும் ஒன்றாக உயர்ந்தன.

மூலை வெட்டித் திறந்திருந்ததால் வருகிற லாரி வெகு தூரத்திலிருந்தே ஆவுடைச்செல்விக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர் தலையைக் கவிழ்த்து மடியிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது. உள்ளே மணி அடித்திருக்க வேண்டும். அவன் நிமிர்ந்து பார்த்தான், இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டான்.